வழுக்குமரத்தைத் துடைத்தவர்கள்

மோந்தெஸ்பீனாவில் பந்தலேயோன் புனிதர் திருவிழாவுக்கு நடுகிற வழுக்குமரத்தைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் போதும், மேல்தெருப் பெரியவர் டோன் எர்சீலியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "எல்லாருக்கும் ஒரே மரம், ஒரே கொழுப்பு. மேல்தெருக்காரனுக்கு மட்டும் ஏணியா போட்டுக் குடுத்திருக்கு?" கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். ஆட்டாமல் என்ன செய்வது? மரம் ஒன்றுதான். அதில் பூசுகிற பன்றிக்கொழுப்பும் ஒரே வாளியிலிருந்துதான். ஆனால் உச்சியில் தொங்குகிற பன்றித்தொடையும், பாலாடைக்கட்டியும், தகர டப்பாவுக்குள் கிடக்கிற சாவியும் வருஷம் தவறாமல் மேல்தெருவுக்கே போய்ச் சேரும்.

தொடைக்கறி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். சாவிதான் விஷயம். சதுக்கத்தின் நடுவே, நீரூற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்புப் பெட்டிக்கடையின் சாவி அது. எந்தத் தெரு அதை இறக்குகிறதோ, அந்த அணிக்கு அடுத்த திருவிழா வரை கடை. ஆகஸ்டு பிறந்தால் வடக்கே தூரின் நகரத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஊர்ப்பிள்ளைகள் கார் காராக வந்து இறங்குவார்கள். அந்த ஒரு மாதம் அந்தக் கடையில் வெறும் பச்சைத் தண்ணீரை வைத்தாலும் விற்கும். எர்சீலியோவின் மருமகன்கள் மரம் ஏறுவார்கள். எர்சீலியோ கல்லாவில் ஏறுவார்.

மேல்தெரு ஏன் எப்போதும் ஜெயிக்கிறது என்பதற்குக் கீழ்த்தெருவிலேயே ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவர்கள் கறி தின்று வளர்ந்த உடம்பு என்பார்கள். கட்டுப்பாடு உண்டு என்பார்கள். நமக்கு ராசி இல்லை என்பார்கள். மஃபால்தா மட்டும் மூக்கை உறிஞ்சுவாள்.

மஃபால்தாவைத் தெரியாதவர்களுக்காக: விளக்குமாற்றுக் குச்சிக்குப் பாவாடை கட்டிவிட்டது மாதிரி இருப்பாள். ஊரில் யார் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கணைகிறது என்று நமக்கே தெரியாத சங்கதியெல்லாம் அவளுக்குத் தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்த்தெருவின் கோடியில், நாய்கூட வழி தவறித்தான் வரும் முட்டுச் சந்தில், சமையலறை ஜன்னல் வழியாக செப்போலே விற்றாள். உருளைக்கிழங்கு சேர்த்துப் பிசைந்த மாவுக்குள் ஒரு நெத்திலியை வைத்து எண்ணெயில் பொரிப்பது. அவள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல நம்மிடமே வார்த்தை இல்லை. ஆனால் சந்துக்குள் பொரித்தால் யார் தேடி வருவார்கள்? புருஷன் கோசிமோ பூட்டு, கதவு, கிராதி செய்கிற இரும்பு வேலைக்காரன். ஊரில் புதுக் கதவு வைக்கிற ஆளே இல்லை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அவன் சித்தப்பா மகன் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவ இருவருக்கும் இடம் சொல்லி வைத்திருந்தான். திருவிழாவில் பெட்டிக்கடை கிடைத்தால் இங்கே. இல்லையென்றால் செப்டம்பரில் ரயில். பயணப் பெட்டிக்குத் தோல்வார்கூடத் தைத்தாயிற்று.

அவளுக்கு விஷயம் விளங்கியது துணிக்கொடியால். போன வருஷம் திருவிழா முடிந்த கையோடு மேல்தெருவில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குச் செப்போலே கொண்டுபோனவள், கூடையை இறக்காமலே நின்றுவிட்டாள். மரம் ஏறி ஜெயித்த மருமகன்களின் சட்டைகள் கொடியில் வெள்ளைவெளேரென்று ஆடிக்கொண்டிருந்தன. நெஞ்சில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு மங்கல் கறை, அவ்வளவுதான். கீழ்த்தெருவிலோ திருவிழாவுக்கு மறுவாரம் முழுக்கப் பெண்களுக்குச் சட்டை துவைக்கிற வேலைதான். சாம்பலுக்கும் மசியாது, சோடாவுக்கும் மசியாது. காலர் முதல் அடிமடிப்பு வரை அப்பிய கொழுப்பு. ஜெயித்தவன் சட்டை சுத்தமாக இருக்கிறது, தோற்றவன் சட்டை நாசமாக இருக்கிறது என்றால் மரத்தைத் துடைத்தது யார்?

கீழ்த்தெரு முதலில் ஏறும், நடுத்தெரு அடுத்து ஏறும், மேல்தெரு கடைசியில் ஏறும். அதுதான் வழக்கம். அந்தக் காலத்து நிலநடுக்கத்தில் கோயில் இடிந்தபோது கீழ்த்தெருக்காரர்கள் இடிபாட்டுக்குள் புகுந்து புனிதரின் சுரூபத்தைத் தோளில் தூக்கி வந்தார்களாம். அதற்காக ஊர் அவர்களுக்குக் கொடுத்த முதல் மரியாதை இது. சிவப்புக் கச்சை கட்டி, முன்னால் மேளம் முழங்க, கீழ்த்தெரு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து மரத்தைக் கட்டிப்பிடிக்கும். கொழுப்பு முழுவதையும் தன் சட்டையில் வாங்கிக்கொண்டு சறுக்கி விழும். பிறகு துடைத்து வைத்த மரத்தில் மேல்தெரு ஏறும். இதற்குப் பெயர் மரியாதை.

இந்த வருஷம் திருவிழாக் கமிட்டி கோயிலின் பின்னறையில் கூடியபோது மஃபால்தா கூப்பிடாமலே போய் உட்கார்ந்தாள்.

"சாமி, இந்தத் தடவ சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யாரு முதல்ல ஏறணும், யாரு கடைசின்னு பந்தலேயோனே சொல்லட்டும்."

பங்குச்சாமியாருக்கு வம்பு என்றாலே ஆகாது. அவர் ஜன்னலைப் பார்த்தார். முதலில் துள்ளி எழுந்தது மேல்தெரு இல்லை, கீழ்த்தெருவின் கச்சையைக் கட்டுகிற நாவிதர் நிக்கோதேமோ.

"ஏ மஃபால்தா, புத்தி கெட்டுப்போச்சா? முதல் மரியாதையத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா? எங்க பாட்டன் காலத்துலருந்து நாங்கதான் முதல்ல."

"ஆமாண்ணே. பாட்டன் காலத்துலருந்து தொடச்சிக்கிட்டுதான் இருக்கோம். கச்சையக் கட்டிக்கிட்டுத் தொடச்சா அது மரியாதையாயிருமா?"

"பொம்பளைக்கு என்ன தெரியும்."

"சட்டை தெரியும். துவைக்கிறவ நாந்தான்."

எர்சீலியோ கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, மரம் உங்க தெருவுக்குன்னு தனியா வழுக்குதா? வாய்ப்பு சமமா இருக்கணும். இருக்கு. அதுக்கப்புறம் ஏறுறதும் சறுக்குறதும் அவனவன் காலு."

"அப்ப நீங்க முதல்ல ஏறுங்களேன். சமம்தானே."

இந்த இடத்தில் புரொஃபசர் இப்போலித்தோ தொண்டையைச் செருமினார். பக்கத்து நகரப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். 'அடிப்படையில' என்று தொடங்காமல் அவருக்கு உப்புக்கூடக் கேட்க வராது.

"அடிப்படையில, போட்டிங்கிறதே தப்பு. வாய்ப்ப சமமாக் குடுத்து என்ன பிரயோஜனம்? பலன் சமமா வரணும். பெட்டிக்கடைய ஊர்ல இருக்குற எல்லா வீட்டுக்கும் சமமாப் பிரிச்சுக் குடுத்துருவோம். ஜெயிச்சவனும் இல்ல, தோத்தவனும் இல்ல."

"வீட்டுக்கு எத்தன நாள் வரும் புரொஃபசர்?" என்றாள் மஃபால்தா.

"அரை நாள் வரலாம்."

"எண்ணெ காயறதுக்குள்ள அடுத்த வீட்டுக்காரன் கரண்டியோட வந்து நிப்பான்."

"நீ தனிமனுஷக் கண்ணோட்டத்துல பாக்குற."

"பொரிக்கிறது தனி மனுஷிதானே. ஊரே சேந்து ஒரு கரண்டியப் பிடிக்க முடியுமா?"

மாதம் பிறந்தால் தபாலாபீசில் ஓய்வூதியம் காத்திருக்கிற மனிதருக்கு எல்லாப் பலனும் சமமாகத்தான் தெரியும் என்று அவள் பிறகு நம்மிடம் சொன்னாள். அங்கேயே சொல்லியிருந்தாலும் தப்பில்லை.

எர்சீலியோ திடீரென்று சிரித்தார். "சரி, குலுக்கிப் போடுங்க. எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல." அவர் சரி என்று சொன்ன வேகம் மஃபால்தாவுக்கு உறுத்தியது. பேரம் பேசாமல் எர்சீலியோ இறங்கி வந்தார் என்றால் கீழே ஏதோ பாயை விரித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் சாமியாரின் தொப்பிக்குள் சீட்டு விழுந்தாயிற்று. முதலில் மேல்தெரு, அடுத்து நடுத்தெரு, கடைசியில் கீழ்த்தெரு. நிக்கோதேமோ கச்சையை அவிழ்த்துக் கொடுத்தபோது வீட்டில் சாவு விழுந்தது மாதிரி இருந்தது அவர் முகம்.

திருவிழா அன்று சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாது. மேல்தெரு மருமகன்கள் சிவப்புக் கச்சையோடு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார்கள். மரத்தை ஏறினார்கள் என்று சொல்ல முடியாது, நலம் விசாரித்தார்கள். கையை நீட்டி விரல் நுனியால் தொட்டு, ஒரு சாண் எம்பி, நாசூக்காகச் சறுக்கி, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கினார்கள். கொழுப்பு பூசியது பூசியபடி இருந்தது.

நடுத்தெருக்காரர்கள் எப்போதும் மேல்தெருவைப் பார்த்துத்தான் தும்முவார்கள். அவன் துடைக்காதபோது நான் எதற்குத் துடைக்க வேண்டும் என்று அவர்களும் மரத்துக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள்.

கோசிமோவுக்கும் அவன் தம்பிகள் நுன்சியாத்தோ, விதாலே இருவருக்கும் மிச்சமிருந்தது முழுக் கொழுப்பு. கோசிமோ அடியில் நின்றான். நுன்சியாத்தோ அவன் தோளில், விதாலே அதற்கு மேல். உச்சிக்கு ஏற வேண்டிய நிக்கோதேமோவின் மகன், மரியாதை போன வருத்தத்தில் அப்பா தடுத்துவிட்டார் என்று வரவே இல்லை. மூவரும் ஏறினார்கள், சறுக்கினார்கள், மறுபடி ஏறினார்கள். பாதி மரத்தில் விதாலே நழுவி அண்ணன்மாரையும் சேர்த்துக் கீழே கொண்டுவந்தான்.

"மரியாதைய விட்டா மரமும் கைவிடும்" என்று நிக்கோதேமோ எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் முகத்தில் இருந்தது வருத்தம் என்று நம்மால் சத்தியம் பண்ண முடியாது.

புரொஃபசர் மட்டும் கைதட்டினார். "இந்த ஊர் சரித்திரத்துலயே முதல் தடவ பலன் சமமா வந்திருக்கு. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

மஃபால்தா மரத்தடியிலேயே நின்றாள். மேலே டப்பா காற்றில் மெல்ல ஆடியது. கோசிமோ முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"ஏ புள்ள, ஸ்டுட்கார்ட்டுல சமையலறைக்குள்ள வெயில் வராதாம். நல்லதுதானே."

அவள் டப்பாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சாவி இறங்காமல் மரத்தை இறக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். இதுவரை அதற்குத் தேவையே வந்ததில்லை. சாவி உச்சியில் இருக்கும்வரை கடையும் மூடித்தான் இருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலை பெட்டிக்கடையின் ஷட்டர் திறந்திருந்தது, உள்ளே எர்சீலியோ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சாவிதான் மேல இருக்கே?" என்று மஃபால்தா கேட்டாள்.

"இன்னொண்ணு இருந்துச்சும்மா, அலமாரியில. முடிவாகிறவரைக்கும் பொதுமக்கள் கஷ்டப்படக் கூடாது பாரு."

இத்தனை வருஷமாக ஊர் தலைகீழாக விழுந்து எழுந்தது அலமாரியில் ஜோடி இருக்கிற ஒரு சாவிக்காக. ஒருவரும் கேட்கவில்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்று குடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு வெயில் வந்தது. அந்த ஜூலைக் கடைசியில் அடித்த வெயிலில் கல்லும் வியர்த்தது. ஊரே மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் கதவுகளை அடைத்துக்கொண்டு பிணம் மாதிரி படுத்துவிடும். மஃபால்தா தூங்க மாட்டாள். ஊர் தூங்கும்போதுதானே பார்க்க நிறைய இருக்கிறது. சதுக்கத்தில் வழுக்குமரத்தின் அடியில் ஊர் நாய்கள் அத்தனையும் கூடிக் கல்லை நக்கிக்கொண்டிருந்தன. மேலிருந்து கொழுப்பு உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மறுநாளும் வந்தன. அதற்கு மறுநாளும் வந்து சண்டை போட்டுக்கொண்டு நக்கின. பிறகு ஒரு மதியம் ஒரு நாயையும் காணோம்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். கோசிமோ பனியனோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"எந்திரிய்யா. தம்பிங்களையும் எழுப்பு."

"என்ன, தீப்பிடிச்சிருச்சா?"

"நாயி வரல."

"நாயி வரலன்னா என்னைய எதுக்கு எழுப்புற?"

"மரத்துல நக்க ஒண்ணும் மிச்சம் இல்லய்யா. சூரியன் தொடச்சு வச்சிருக்கு. எந்திரி."

உச்சிக்கு ஏற நாலாவது ஆள் வேண்டும். நிக்கோதேமோ வீட்டுக் கதவைத் தட்டினாள். வெயில் தாழட்டும், இதென்ன மரியாதை கெட்ட நேரம் என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது. இன்னும் இரண்டு கதவுகள் அதுவும் சொல்லவில்லை. கடைசியில் பாவாடையை அள்ளிச் செருகிக்கொண்டு, சமையலறைக் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவளே ஏறினாள். பெண்பிள்ளை ஏறக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. அப்படி ஒருத்தி கிளம்புவாள் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

"மதினி, காது, காது. காதுல மிதிக்காதீங்க" என்று விதாலே முனகினான்.

கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "காத வச்சுக்கிட்டு என்னடா பண்ணப்போற? ஒம் பொண்டாட்டி சொல்றதையா கேக்குற?"

"சீக்கிரம்" என்றான் கீழேயிருந்து கோசிமோ. "ஒன்னையச் சொல்லல, இந்த ரெண்டு எருமையும் கனக்குது."

மரம் மொறமொறவென்று காய்ந்திருந்தது. அவள் பரிசுகள் கட்டியிருந்த உச்சி வளையத்தைப் பிடித்துத் தொங்கி, கயிற்றை அறுத்தாள். டப்பாவை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். பன்றித்தொடைதான் கைநழுவி விழுந்தது. அது கல்தரையில் மோதிய சத்தத்துக்கு மேல்தெரு, நடுத்தெரு, கீழ்த்தெரு என்று வித்தியாசம் இல்லாமல் எல்லா ஜன்னல்களும் திறந்தன.

எர்சீலியோ இடுப்பில் பெல்ட் இல்லாமல் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது செல்லாது. நாங்க தூங்கிட்டிருந்தோம். தூங்குறவனுக்குச் சமவாய்ப்பு எங்க இருக்கு?"

"மரம் நடுச்சதுக்கத்துலதான் நின்னுச்சு டோன் எர்சீலியோ. நாய்க்குக்கூட வாய்ப்புக் குடுத்துச்சு" என்றாள் மஃபால்தா, கோசிமோவின் தோளிலிருந்து இறங்கிக்கொண்டே.

அவளுக்கு அடுத்த அடி சொந்தத் தெருவிலிருந்து விழுந்தது. நிக்கோதேமோ தலைமையில் கீழ்த்தெரு திரண்டு வந்தது. கதவைத் திறக்காத அத்தனை பேரும் இருந்தார்கள்.

"மஃபால்தா, நல்ல காரியம் பண்ணின. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த மரத்தத் தொடச்சது பரம்பரை பரம்பரையா கீழ்த்தெருவோட சட்டை. ஒன் ஒருத்தி சட்டை இல்ல. கடை எல்லாருக்கும் சமமாத்தான் வரணும்."

"கதவத் தட்டினேனே அண்ணே, அப்ப?"

"அப்ப தூக்கம். இது நியாயம்."

அதில் கொஞ்சம் நியாயம் இருக்கவும் செய்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். அவள் அப்பனும்தான் சட்டை சட்டையாக நாசமாக்கிக்கொண்டு செத்தான். அவள் அதை யோசித்த அந்த நேரம் எர்சீலியோவுக்குப் போதும். புரொஃபசரின் தோளில் கைபோட்டார். ஆயுசில் அவர் அந்தத் தோளைத் தொட்டதில்லை.

"நான் யோசிச்சுப் பாத்தேன் புரொஃபசர். நீங்க சொன்னதுதான் சரி. வாய்ப்பு வாய்ப்புன்னு என்ன பேச்சு? பலன் சமமா இருக்கணும். ஒரு குடும்பமே ஊர்ச் சொத்த அனுபவிக்கிறது என்ன தர்மம்?"

"அடிப்படையில அதைத்தான் நான்..."

"கடைய எல்லா வீட்டுக்கும் பிரிப்போம். நிர்வாகம் பண்ண அனுபவப்பட்ட ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். அத நான் பாத்துக்கிறேன்."

புரொஃபசரின் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்நாள் கொள்கை இவ்வளவு சுலபமாக ஜெயிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நிக்கோதேமோவும் சரி என்றார். சமமாக வரும் என்றால் மேல்தெரு கையால் வந்தால்தான் என்ன?

மஃபால்தா கோசிமோவுக்குக் கண்ணைக் காட்டினாள். பேசி ஜெயிக்கிற இடம் அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூட்டம் பேசிக்கொண்டிருக்கும்போதே கோசிமோ வீட்டுக்குப் போய் கருவிப் பையோடு திரும்பினான். வெயில் தாழ்வதற்குள் பெட்டிக்கடைக்குப் பூட்டு மாறிவிட்டது. எர்சீலியோவின் காப்பிக் கோப்பைகளைக் கழுவி, துடைத்து, நீரூற்றுத் திண்டில் வரிசையாக அடுக்கி வைத்தார்கள். ஒன்றுகூட உடையவில்லை, அப்படி ஒரு மரியாதை. கோசிமோ ஸ்டுட்கார்ட்டுக்குப் போன் போட்டு, வெயில் இங்கேயே பழகிவிட்டது என்று சொன்னான்.

மறுநாள் விடிகாலையில் அடுப்பு எரிந்தது. கமிட்டி காலையிலேயே கூடியது. கோயிலின் பின்னறை புழுங்கியதால் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்துக்கு வந்து, பெட்டிக்கடைக்கு எதிரேயே வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு அரை நாளா, தெருவுக்கு ஒரு வாரமா? ஆகஸ்டு வாரமும் பிப்ரவரி வாரமும் சமமா? பிள்ளைகள் அதிகம் உள்ள வீட்டுக்குக் கூடுதலா? செத்தவர்களின் சட்டைக்குப் பங்கு உண்டா? புரொஃபசர் ஒவ்வொன்றையும் அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார். பதினோரு மணிக்கு எண்ணெய் வாசனை காற்றில் வந்தபோது சாமியார்தான் முதலில் எழுந்தார். சற்று இடைவேளை விடலாமே என்றார்.

வரிசையில் நின்றார்கள். முறைகேடான கடை, தீர்ப்பு வரும்வரை யாரும் வாங்கக் கூடாது என்று காலையில் கையெழுத்துப் போட்ட கைகள்தான் காசை நீட்டின. எர்சீலியோவின் மனைவி வேலைக்காரியை அனுப்பினாள். மஃபால்தா ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆளுக்கு மூன்று, காகிதத்தில் சுருட்டி. எண்ணிக்கையில் யாருக்கும் குறையில்லை. ஆனால் கைதானே, கை சும்மா இருக்குமா? மதினியைத் தோளில் தாங்கிய விதாலேக்குப் போனது ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு. சாமியாருக்கு நடுத்தரம். நிக்கோதேமோவுக்குக் கிடைத்த மூன்றிலும் நெத்திலி இருந்ததா என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும். புரொஃபசருக்கு ஒன்று மிகப் பெரியது, மற்ற இரண்டும் கோலிக்குண்டு. கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும் என்றாள்.

கமிட்டி நாற்காலிகளுக்குத் திரும்பியது. விவாதம் ஆகஸ்டு வாரத்தில் நின்றிருந்தது. ஆனால் யாரும் அதை எடுக்கவில்லை. வாயில் போட்டு மென்றபடி ஆளுக்காள் பக்கத்தில் இருப்பவரின் காகிதத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உனக்கு எப்படி அவ்வளவு பெருசு?" என்று நிக்கோதேமோ விதாலேயைக் கேட்டது கடை வரைக்கும் கேட்டது.

மஃபால்தா அடுத்த ஈட்டுக்கு மாவைக் கிள்ளிப் போட்டாள்.